மூன்று மூட்டை உப்பு

1

போன வாரம் ஊரிலிருந்து என் சித்தப்பா மகன் ஏழுமலை போன் செய்தான். நலம் விசாரிக்கவில்லை, மழை விசாரிக்கவில்லை. "இன்னாடா, உன் வூட்ல நீச்சல் குளம் கீதாமே" என்றான். ஆமாம் என்றேன். பிறகு, "தண்ணி எங்கேர்ந்து வருது?" என்றான்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் குளம் எத்தனை அடி என்று கேட்டிருப்பான். எங்கள் ஊர்க்காரன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்பான். நாங்கள் பாலாற்றங்கரைக்காரர்கள். ஆறு என்றால் எங்களுக்கு லாரி போகிற மணல். அவன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் குளத்தால் நான் பட்ட அவமானம் ஒரு வரியில் அடங்காது. அதனால் ஏழுமலைக்கும், அவன் சொல்லக் கேட்டு இதற்குள் எனக்கு ஹெலிகாப்டரும் வாங்கிக் கொடுத்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நான் பெங்களூருக்கு வந்து இருபத்து மூன்று வருடம். மூன்று மணி நேர ரயில் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டில் இருப்பவன் மாதிரி எழுதுகிறானே என்று சிரிப்பீர்கள். வேலூர்ப் பதிவெண் வண்டியைக் கர்நாடகப் பதிவெண்ணுக்கு மாற்ற அலைந்தவன் சிரிக்கமாட்டான். ஆட்சேபணை இல்லை என்று அங்கே ஒரு காகிதம் வாங்க வேண்டும். அந்தக் காகிதத்துக்கு இங்கே ஆட்சேபணை சொல்வார்கள். மூன்று முறை போய் வந்தேன். கடைசியில் வண்டியை விற்றுவிட்டேன். இத்தனை வருடத்தில் ஆட்டோக்காரர்கள் சிரிக்காத அளவுக்குக் கன்னடம் பேசுவேன். படிக்க வராது. பஸ்ஸில் நம்பரை மட்டும் பார்த்து ஏறுகிற ஜாதி நான்.

என் மனைவி ரீட்டா காக்ஸ் டவுனில் பிறந்தவள். அவர்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக இங்கே. தமிழில் என்னைத் திட்டிக்கொண்டே, கன்னடத்தில் கீரைக்காரரிடம் பேரம் பேசி, நடுவில் ஆங்கிலத்தில் மகளையும் அதட்டுவாள். மகள் நிவிக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வாசலில் செக்யூரிட்டியோடு கன்னடத்தில் சிரிப்பாள். எங்கள் ஊரை "உங்க நேட்டிவ்" என்பாள், எனக்கு இருக்கிற ஏதோ வியாதியைச் சொல்வதுபோல.

வைட்ஃபீல்டில், பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு வளாகத்தில், பழைய வீடு ஒன்றை வாங்கினோம். குளம் வீட்டோடு வந்தது. இருபது அடிக்குப் பத்து அடி, ஆழம் நெஞ்சளவு. மூலையில் ஒரு வட்டத் தொட்டி. அதன் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து வெந்நீர் பீய்ச்சி அடிக்கும். ஸ்பா என்கிறார்கள். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து வேகலாம். முதல் இரண்டு வருடம் இரண்டிலும் கொசு வளர்த்தோம். வளாகச் சங்கம் நோட்டீஸ் அனுப்பியதும் தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே வடகம் காயவைத்தோம்.

இந்தப் பிப்ரவரியில் ரீட்டா சர்வீஸ் ரோட்டுப் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்தாள். வலது முட்டி. ஆபரேஷன் நடந்தது, புண் ஆறியது, கால் மட்டும் மடங்கவில்லை. காக்ஸ் டவுன் பள்ளி ஒன்றில் அவள் கணக்கு டீச்சர். அவளுடைய ஏழாம் வகுப்பு இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஏற முடியவில்லையென்றால் கீழே லைப்ரரியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று தலைமையாசிரியை அன்பாகச் சொல்லிவிட்டார். இருபது வருடம் கணக்கு நடத்தியவளைப் புத்தகத்துக்கு அட்டை போட உட்காரவைக்கும் அன்பு. அன்று முழுக்க ரீட்டா என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிசியோதெரபிப் பெண் சொன்னது ஒன்றுதான். "தினமும் இடுப்பளவு தண்ணியில நடக்கணும் ஆன்ட்டி. அப்புறம் வெந்நீர்ல உக்காந்து கால மடக்கி நீட்டணும். வீட்லயே ரெண்டும் இருக்குன்னு சொல்றீங்க. அப்புறம் இன்னா கவலை?"

கவலை அவள் எதிரிலேயே, எக்ஸ்ரே உறையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது.

2

குளத்தை நிரப்பினேன். நிரப்பியதும் பயம் வந்துவிட்டது. ஆபரேஷன் ஆன கால். தண்ணீரில் ஒரு கிருமி இருந்தால்? இரண்டு இருந்தால்?

ஊரில் எங்கள் தெருவுக்குக் காலரா பயம் வந்தால் நகராட்சியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார். கேரியரில் பிளீச்சிங் பவுடர் மூட்டை. கையால் அள்ளி, கோழிக்குத் தவிடு போடுவதுபோலக் கிணற்றில் வீசுவார். அளவு என்று எதுவும் கிடையாது. குனிந்து மோந்து பார்ப்பார். மூக்கு எரிந்தால் வேலை முடிந்தது. எரியாவிட்டால் இன்னும் ஒரு கை. சுத்தம் என்றால் மூக்கு எரிய வேண்டும் என்று நான் அந்த ஆளிடம்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு டிப்ளமோ படித்தேன், மெஷின் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்தேன், மைக்ரோமீட்டர் பிடித்த கை இது. எல்லாம் அந்த ஒரு நாளில் மறந்துபோயிற்று.

சிவாஜிநகர் மார்க்கெட்டில் ஒரு கடையில் மூட்டை கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாண மண்டபமா பாய்?"

"வூட்டுக்கு."

"வூட்டுக்கா? அந்த வூட்ல இன்னா நடக்குது?"

வாங்கிக்கொண்டு வந்தேன். நகராட்சிக்காரரைப் போலவே அள்ளி வீசினேன். மோந்து பார்த்தேன். எரியவில்லை. இன்னொரு கை. இன்னும் எரியவில்லை. எனக்கு அப்போது சளி பிடித்திருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். வைட்ஃபீல்டு போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பவுடர் விழுந்ததும் குளம் பாலாக மாறியது. பாலாற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் பார்த்த காட்சி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பெருமையாக நின்றேன்.

மறுநாள் தண்ணீர் தெளிந்துவிட்டது. தெளிந்ததற்குக் காரணம், கரையாத பவுடரெல்லாம் படிக்கட்டில் பொடிப்பொடியாகப் படிந்திருந்தது. ரீட்டா மெதுவாக இறங்கி, இரண்டாவது படியில் உட்கார்ந்து, காலை நீட்டினாள். பத்து நிமிடத்தில் எழுந்தாள். தொடைக்குப் பின்னால் இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல இரண்டு சிவப்புப் பட்டை.

தோல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "தண்ணியில இன்னா போட்டீங்க?" சொன்னேன். "எவ்ளோ போட்டீங்க?" கையால் காட்டினேன். டாக்டர் என் கையைப் பார்த்தார், பிறகு ரீட்டாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு குடும்ப வழக்குக்குத் தேவையான எல்லாம் இருந்தது.

இரண்டு வாரம் போயிற்று. மார்ச்சும் போயிற்று. கால் மடங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ரீட்டா சொன்னாள்: "இன்னாங்க, நல்லா கேட்டுக்குங்க. இனிமே உங்க கை பட்ட தண்ணியில நான் கால் வெக்கமாட்டேன். மெஷின் வாங்குங்க. அதுவா அளக்கணும், அதுவா போடணும். உங்க கையும் வேணாம், மூக்கும் வேணாம்."

நிவி மட்டும் என் பக்கம். "ப்பா, இட்ஸ் ஓகே. அட்லீஸ்ட் கிருமி செத்திருக்கும்" என்றாள். அபூர்வமாகத் தமிழில் பேசினாள், அதுவும் கிருமியைப் பற்றி.

3

குளத்து நீரைச் சுத்தப்படுத்தும் கருவி வாங்குவது கார் வாங்குவதைவிடக் கஷ்டம். கார் ஓடுகிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். இங்கே விற்பவர்கள் எல்லாரும் மற்றவன் விற்பது விஷம் என்பார்கள். நான்கு நாள் இணையத்தில் படித்தேன். படிக்கப் படிக்க, இத்தனை வருடம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டு நான் உயிரோடு இருப்பதே விஞ்ஞானத்துக்கு விரோதம் என்று தெரிந்தது.

வைட்ஃபீல்டு மெயின் ரோட்டில் ஒரு ஷோரூம். உள்ளே மெல்லிய பாட்டு, செயற்கைப் புல், சுவரெல்லாம் பெட்டிகள். விற்பனையாளர் மஞ்சுநாத். கன்னடக்காரர், நம் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிடுகிற மரியாதை அவருக்கு உண்டு. வரிசையாகக் காட்டினார். ஓசோன் கருவி, பள்ளியில் வானத்தில் ஓட்டை விழுந்தது என்று படித்தோமே, அதை அடைக்காமல் இங்கே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். புறஊதா விளக்கு, எஃகுக் குழாய்க்குள் ஒரு டியூப்லைட், அதைக் கடந்து போகும் கிருமி செத்துவிடும். அப்புறம் குளோரின் மாத்திரை போடும் டப்பா, ஃபீடர் என்று பெயர்.

அந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்குச் சிக்கன புத்தி வந்தது. "வீட்ல பிளீச்சிங் பவுடர் முக்கால் மூட்டை இருக்கு. மாத்திரையோட அதையும் இதுலயே போட்டுக்கலாமா?"

மஞ்சுநாத் முகத்திலிருந்து விற்பனை மறைந்தது. "பேடா சார், வேணாம். ரெண்டும் ஒண்ணா சேந்தா வெடிக்கும். டப்பா இல்ல, செவுரே போயிடும்."

ரீட்டா நாற்காலியில் உட்கார்ந்தபடி நிதானமாகச் சொன்னாள்: "இவர உள்ள விட்டதே உங்க தப்பு."

கடைசியாக அவர் ஒரு மூலைக்கு எங்களை அழைத்துப்போனார். கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. "கை வெச்சி பாருங்க மேடம்." ரீட்டா கையை முக்கினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி முக்கினாள். "ஸாஃப்ட்டா இருக்கு" என்றாள்.

"சால்ட் சிஸ்டம் மேடம். தண்ணியில உப்பு கரைச்சிடுவோம். இந்த மெஷின் கரன்ட் வெச்சி அந்த உப்புலேர்ந்தே குளோரின் எடுத்துக்கும். நீங்க ஒண்ணும் தொட வேணாம். ஸ்கின் எரியாது. கடல் தண்ணில பத்துல ஒரு பங்கு உப்புதான். சார் கை வெக்கவே வேலை இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே ரீட்டா முடிவு செய்துவிட்டாள். விழுந்த நாளிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். "இதுதாங்க" என்றாள்.

எவ்வளவு உப்பு என்று கேட்டேன். மஞ்சுநாத் கணக்குப் போட்டார். இருபத்தைந்து கிலோ மூட்டையில் மூன்று. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சரி என்று தலையாட்டினேன். காலில் விழுந்து கும்பிடச் சொல்லியிருந்தாலும் அன்று செய்திருப்பேன்.

4

ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் தோல் பதனிடும் ஆலைகள் உள்ள ஊர். பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன்மேல் உப்பு தூவி அடுக்குவார்கள். பதனிடும்போது முதலில் அந்த உப்பைக் கழுவிவிடுவார்கள். கழுவிய தண்ணீர் போகிற இடத்துக்குப் போகும். எங்கள் பக்கம் அது போன இடம் நிலத்தடி.

அப்பாவுக்கு அரை ஏக்கரும் ஒரு கிணறும் இருந்தன. தினமும் காலையில் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்புவார். "நேத்து மாதிரிதான் கீது" என்பார். இரண்டு வருடம் தினமும் அதையே சொன்னார். அந்த இரண்டு வருடத்தில் தக்காளி நின்றது, கத்தரி நின்றது, பிறகு தென்னை மட்டையெல்லாம் தொங்கிவிட்டது. சோறு கரிக்கும். சோப்பு நுரைக்காது. அப்பா மட்டும், நேற்று மாதிரிதான். ஒரு நாளைக்கு ஒரு துளி கூடினால் நாக்குக்கு எப்படித் தெரியும். அந்த நாக்கை நம்பினார் மனிதர். மகன் மூக்கை நம்பினான். பரம்பரை.

கிணறு கைவிட்டதும் அவர் தோல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை என்றால், தோல்மேல் உப்பு தூவுகிற வேலை. என் டிப்ளமோவுக்கு அந்த உப்புதான் ஃபீஸ் கட்டியது. அதனால் முதலாளிகளைத் திட்ட எனக்கு வாய் முழுசாகத் திறப்பதில்லை. பாதி திறந்து திட்டுவேன். அந்த ஊரை நினைத்து உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். உருக அங்கே என்ன இருக்கிறது? மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் போய்விடலாம். போனால் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்க வேண்டும்.

அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து ஓடிவந்து, கூடுதல் காசு கொடுத்து, நல்ல தண்ணீரில் மூன்று மூட்டை உப்பைக் கரைக்க ஆர்டர் செய்திருந்தேன். இதை ரீட்டாவிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். அவள் காலெண்டரில் ஜூனை விரலால் எண்ணிக்கொண்டிருப்பாள். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

5

கருவியைப் பொருத்த வந்தவர் பாஸ்கர். ஐம்பது வயது இருக்கும். தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் வந்து போகிறவர். அப்பா அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பூர்வீகம் குடியாத்தம் பக்கம். பேச்சைக் கேட்டதும் எனக்கு ஏழுமலையே வந்து நிற்பதுபோல இருந்தது.

நான் முந்தின நாளே வரைபடம் போட்டு வைத்திருந்தேன். வரைபடத்தாள், ஸ்கேல், சிவப்பு மை. மோட்டார், அடுத்து குளோரின் கருவி, அடுத்து வடிகட்டி, கடைசியில் ஹீட்டர். பாஸ்கர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் இது?"

"முதல்ல சுத்தம் பண்ணி, அப்புறம் சூடு பண்ணணும் இல்லையா?"

"பால் காய்ச்சற கணக்குல போட்டுக்கிறீங்க. குளோரின் நேரா ஹீட்டர் உள்ள பூந்துச்சுன்னா உள்ள இருக்கிற செம்ப தின்னுடும் சார். ஆறு மாசத்துல உங்க ஹீட்டர் ஓட்டை சட்டி. மோட்டார், ஃபில்டர், ஹீட்டர், எல்லாத்துக்கும் கடைசிலதான் குளோரின். அது திரும்பி வராம ஒரு வால்வு. இத எங்க படிச்சீங்க?"

நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் வேலை செய்கிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயை வெட்டுமுன் ஒவ்வொரு வால்வையும் திறந்து, தண்ணீர் எங்கே போகிறது என்று நடந்து போய்ப் பார்ப்பார். வடிகட்டிக்குள் மணல் இருக்கும். வாரம் ஒருமுறை தண்ணீரைத் தலைகீழாக விட்டு அதைக் கழுவ வேண்டும். அந்தக் கழுவல் தண்ணீர் போகும் குழாயின் பின்னால் நடந்தவர், தோட்டத்தைத் தாண்டி, சுவரோரம் ஒரு சிமென்ட் மூடியருகில் நின்றுவிட்டார்.

"சார், இங்க வாங்க. இது இன்னா குழி?"

எனக்குத் தெரியும். மழைநீர் இறங்கும் குழி. இந்த வீட்டின் பழைய சொந்தக்காரர், ஒரு சொட்டும் வீணாகக்கூடாது என்று குளத்தின் கழுவல் குழாயையும் அதில் சேர்த்துவிட்டார். அதற்காகச் சங்கம் அவருக்குச் சான்றிதழ் கொடுத்தது. அந்தக் குழாயின் படம் இன்றும் சங்க அலுவலகச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. குழிக்கு எட்டடி தள்ளிப் பொது போர்வெல். பன்னிரண்டு வீட்டுக்கும் அதுதான். ஏழுமலை, தண்ணீர் அங்கேயிருந்துதான் வருகிறது.

"உப்ப போட்டுட்டா வாரா வாரம் இதுல எறங்கும் சார்" என்றார் பாஸ்கர். "போர் பக்கத்துலயே கீது."

"குழாயைச் சாக்கடைக்கு மாத்திட்டா?"

"இங்க சாக்கடை எங்க போவுது? சுத்தம் பண்ணி தோட்டத்துக்குத்தான் விடறாங்க. போற வர்ற எடம் ஒண்ணுதான் சார். உப்பு எங்கயும் போவாது. எங்கூர்ல தங்கம் பிரிச்ச சயனைடு மண்ணு மலை மாதிரி கொட்டிவெச்சிகிறான் பாருங்க, காத்தடிச்சா எங்க வூட்டு சோத்துல உக்காரும். சுரங்கம் மூடி எத்தினி வருசம் ஆச்சி. மலை அங்கியேதான் கீது."

அதற்குள் ஷோரூம் ஆள் மூட்டைகளை இறக்கிவிட்டான். மூன்றும் குளக்கரையில் வரிசையாக நின்றன. ஒன்றின் வாயைப் பிரிக்கக் கத்தியை எடுத்தான். நான் என்ன செய்தேன் என்று நானே சொல்வது மரியாதையாக இருக்காது, ஆனாலும் சொல்கிறேன். ஓடிப்போய் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றின்மேல் உட்கார்ந்து, மற்ற இரண்டையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயது ஆள்.

ரீட்டா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "இது இன்னா சத்தியாகிரகமா? அவங்க உப்பு எடுக்கறதுக்குப் போனாங்க. நீங்க உப்ப போடக்கூடாதுன்னு உக்காந்திருக்கீங்க."

சொன்னேன். அப்பா கொப்பளித்ததிலிருந்து குழி வரைக்கும், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்கர் பைப்பைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லி முடித்ததும் ரீட்டா கேட்டாள்: "சரி. என் கால்?"

மூட்டைகளை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"முப்பது வருசம் கழிச்சி உங்க ஊரு கெணத்துக்கு நீங்க நியாயம் தேடறீங்க. எனக்கு இன்னும் ஏழு வாரம்தாங்க இருக்கு. லைப்ரரில உக்கார வெச்சிருவாங்க. அது உங்களுக்குப் புரியுதா?" குரல் உடையவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. மூட்டையை விட்டு எழுந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. எழவில்லை.

ரீட்டா பாஸ்கரிடம் திரும்பினாள். "அந்தக் குழி தண்ணி எங்க வீட்டு பாத்ரூமுக்கே வருமா?"

"வரும் மேடம். லேட்டா வரும். ஆனா வரும்."

"கீசரு, வாஷிங் மெஷினு?"

"எல்லாம் துரு."

என் அப்பாவால் அசையாத மனசு கீசரால் அசைந்தது. "வேற இன்னா மெஷின் இருக்கு? இவர் கை வெக்கக்கூடாது. எனக்கு எரியக்கூடாது. ரெண்டுதான் கண்டிஷன்."

"யூவி லைட்டு ஒண்ணு போட்டு, அதுவே அளந்து சொட்டு சொட்டா குளோரின் விடற சின்ன பம்ப் வெச்சிக்கலாம் மேடம். கிருமிய பாதி லைட்டே பாத்துக்கும், அதனால மருந்து கம்மி. தண்ணியில ஒரு குச்சி முக்கி இருக்கும், அது பாத்து சொல்லும், பம்ப் போடும். இதுலயும் துளி உப்பு வரும், பொய் சொல்லக்கூடாது. ஆனா மூட்டை கணக்கு இல்ல. கழுவற தண்ணிய ஒரு டேங்க்ல புடிச்சி, ரெண்டு நாள் வெயில்ல வெச்சி செடிக்கு விட்டுடலாம். குழில மட்டும் வாணாம். அத மாத்தாம நான் மெஷின ஓடவிடமாட்டேன்."

"எழுந்திருங்க" என்றாள் ரீட்டா என்னிடம். "மூட்டை கிழிஞ்சா நீங்கதான் பெருக்கணும்."

6

குழியிலிருந்து குழாயைப் பிரிக்கச் சங்கத்தின் அனுமதி வேண்டும். அதற்கு ஒரு படிவம். கன்னடத்தில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். இரண்டிலும் ஒரே கேள்விகள் இல்லை என்று நிவி கண்டுபிடித்தாள். 'நீர் சேமிப்பை நிறுத்த விரும்புவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதில் எழுத ஒரு வரிதான் இடம். நான் மூன்று பக்கம் எழுதி இணைத்தேன். செயலாளர் அதைக் கையில் எடை பார்த்துவிட்டு, சான்றிதழ் கொடுத்த குழாயை அகற்றச் சங்க விதியில் இடமில்லை என்றார். இணைக்க இடமுண்டாம். பிறகு நான்கு பேர் கொண்ட குழு வந்து பார்த்தது. குழியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் அதைப் படம் பிடித்தார். எங்கள் வீட்டுக் காபி குடித்தார்கள். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் நாய்களைப் பற்றிப் பேசினார்கள்.

ஏப்ரல் முடிந்தது. குளத்தோரம் உப்புக் கருவிக்குப் பதிலாக வந்த புது எந்திரம் பாலித்தீன் உறையோடு நின்றது. ரீட்டா காலையில் கட்டிலில் உட்கார்ந்து காலை மடக்கிப் பார்ப்பாள். ஸ்கேல் வைத்து அளப்பாள், கணக்கு டீச்சர் இல்லையா. பாதியில் நின்றுவிடும். நான் சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவேன்.

ஒரு காலை அவளே ஊன்றுகோலோடு சங்க அலுவலகத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மாலை போட்ட குழாய்ப் படத்தின் அடியில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். ரீட்டா உட்காரவில்லை. கன்னடத்தில் மூன்றே வாக்கியம் பேசினாள். வேகமாகப் பேசியதால் எனக்குப் பாதிதான் புரிந்தது. அவர் எழுந்து முத்திரை குத்தினார்.

"இன்னா சொன்ன?" என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"உங்க வீட்டு கீசர் இன்னா வெலன்னு கேட்டேன். அப்புறம் இன்னா கேக்கறது."

மூன்று பக்கம் எழுதியவன் வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

7

பாஸ்கர் குழாயை மாற்றினார், உறையைப் பிரித்தார், எந்திரம் ஓடத் தொடங்கியது. இரண்டு நாள் சோதனை. சிறு குப்பியில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்த்தார். "கரெக்டா கீது மேடம். இப்ப எறங்கலாம்."

ரீட்டா இறங்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீங்க எறங்குங்க."

"நானா? எனக்கு நீச்சல் தெரியாதே."

"நெஞ்சளவு தண்ணி. நீந்த சொல்லல. அரை மணி நேரம் குளத்துல நடங்க, அரை மணி நேரம் வெந்நீர்ல உக்காருங்க. அப்புறம் பாக்கலாம்."

முப்பது வருடம் மணலைப் பார்த்து வளர்ந்தவனின் உடம்பு தண்ணீரைப் பார்த்ததும் விறைத்துவிட்டது. பனியனோடும் அரை டிராயரோடும் படிப்படியாக இறங்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டே சுற்றினேன். பாஸ்கர் டீ குடித்துக்கொண்டே, "கைய வுடுங்க சார், ஒண்ணும் ஆவாது" என்றார். நிவி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். படம் எடுக்காதே என்றேன். எடுக்கவில்லை, நேரலை என்றாள். யாருக்கு நேரலை என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. ஏழுமலைக்குச் செய்தி எப்படிப் போயிற்று என்பது இப்போது எழுதும்போதுதான் புரிகிறது.

வெந்நீர்த் தொட்டியில் வெந்துவிட்டு வெளியே வந்தேன். ரீட்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மீன் வாங்குவதுபோல என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொடைக்குப் பின்னால், முட்டிக்குப் பின்னால், விரல் இடுக்கில். அழுத்தி, "எரியுதா?" என்றாள். இல்லை என்றேன். "நெஜமா?" இல்லை. கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகத் தண்ணீருக்குள் போனாள்.

அந்தக் கோடை முழுக்க அவள் நடந்தாள். காலையில் பத்துச் சுற்று, பிறகு பதினைந்து, பிறகு நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். தினமும் தண்ணீர் சோதிப்பது நிவியின் பொறுப்பு. நான் பக்கத்தில் போனால், "ப்பா, ஸ்டே பேக்" என்பாள்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று காலை ரீட்டாவை வாசலில் இறக்கிவிட்டேன். கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். வீட்டுக்குத் திரும்பினால் அவள் சாப்பாட்டு டப்பா மேஜைமேல் இருக்கிறது. போன் செய்தேன், எடுக்கவில்லை. படியில் விழுந்திருப்பாளோ, பாதியில் நின்றிருப்பாளோ, லைப்ரரியில் அட்டை போடுகிறாளோ என்று எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துக்கொண்டு டப்பாவோடு திரும்ப ஓடினேன். லைப்ரரியில் எட்டிப் பார்த்தேன். அவள் இல்லை. மாடிப்படியில் தாவினேன். முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு அடைத்தது. முட்டி இரண்டும் எரிந்தன. என்னைத் தாண்டிப் பிள்ளைகள் இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார்கள். அங்கே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அதைப் படிப்பவன்போல நின்றேன்.

மேலே இரண்டாவது மாடிக் கைப்பிடியில் ரீட்டா தெரிந்தாள். கையில் சாக்பீஸ். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

"அது கன்னடத்துல இருக்குங்க" என்றாள். "எல்கேஜி டைம்டேபிள். முழுசா படிச்சிட்டு மெதுவா வாங்க."